நின்றுகொண்டே ஒரு நிர்வாகம்

வெண்ணிலங்குடி ஊராட்சி மன்றத் தலைவர் நாற்காலியில் உட்காருவதற்கென்றே தங்கையன் இரண்டு ஜோடி வெள்ளை வேட்டி சட்டை எடுத்து வைத்திருந்தார். தேர்தலில் நின்றதும் ஜெயித்ததும் அவருடைய மனைவி பிரகதாம்பாள் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. பெண்களுக்கு ஒதுக்கிய பதவி. பெயர் அவளுடையது, கையெழுத்து அவளுடையது, நாற்காலி தன்னுடையது என்பது அவர் கணக்கு. ஊரும் அப்படித்தான் நினைத்திருந்தது.

அந்த நாற்காலியும் லேசுப்பட்டதல்ல. முந்தைய தலைவர் தஞ்சாவூரில் தேடிப் பிடித்து வாங்கிப் போட்ட சுழல் நாற்காலி. ஒரு தள்ளு தள்ளினால் மூன்று சுற்று சுற்றிவிட்டு, சொல்லி வைத்தாற்போல் கிழக்கே பார்த்து நிற்கும். அதில் ஒருமுறை உட்கார்ந்தவர் தானாக எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. முந்தைய தலைவரையே ஓட்டுப் போட்டுத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

பிரகதாம்பாள் பதவியேற்ற பிறகு வந்த முதல் கிராம சபை, குடியரசு தினத்தன்று. ஊராட்சி அலுவலக வாசலில் பந்தல் போட்டு, நாற்காலியை வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார் செயலாளர் ஜாஃபர் சாதிக். பிரகதாம்பாள் வருவதற்கு முன்னாலேயே நாற்காலியில் ஒரு துண்டு விழுந்து கிடந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதே மாதிரி. துண்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிரகதாம்பாள் துண்டைப் பார்த்தாள். ஊர் மொத்தமும் பிரகதாம்பாளைப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து நாகம்மாள் எழுந்தாள். கத்தரிக்காய்க் கூடையைத் தலையில் சுமந்து, பூதலூர் மெயின் ரோடு வரை இரண்டு கிலோமீட்டர் நடந்து பஸ் ஏறுகிறவள். எத்தனை தலைவர்கள் மாறினாலும் கிராம சபையில் அவள் கேட்பது ஒரே கேள்விதான், ஊருக்குள் பஸ் எப்போது வரும் என்று. எல்லாத் தலைவர்களும் ஆவன செய்யப்படும் என்பார்கள். அவளும் சரியென்று உட்கார்ந்துவிடுவாள்.

பிரகதாம்பாள் ஆவன செய்யப்படும் என்று சொல்லவில்லை. துண்டை எடுத்து, உதறி, நாலாக மடித்து, புருஷன் கையில் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"நாகம்மா பெரியம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. நம்ம ஊருக்குள்ள பஸ் வர்ற வரைக்கும் இந்த நாற்காலியில யாரும் உட்காரப் போறதில்ல. நானும்தான்."

கைதட்டல் கொள்ளிடம் வரை கேட்டதாகச் சொல்வார்கள். உண்மையில் அவள் எண்ணியதெல்லாம் அந்தத் துண்டை நாற்காலியிலிருந்து கிளப்புவது ஒன்றுதான். பஸ் என்ற சொல் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வந்த சொல்லைத் திருப்பி விழுங்க முடியுமா? அதற்குள் கடைசி வரிசையிலிருந்து முந்தைய தலைவர் ஒரு கேள்வியை எறிந்தார். ஒரு வருஷத்தில் வரவில்லை என்றால்?

கோபத்தில் இருந்த பெண்ணிடம் அப்படிக் கேட்கக் கூடாது. "வரலேன்னா எங்க வீட்டுக்காரரையே அதுல உட்கார வெச்சுட்டு நான் மாடு மேய்க்கப் போறேன்" என்றாள்.

தங்கையன் மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் ஆளாகக் கை தட்டினார். ஒரு வருஷம்தானே.

அன்றிலிருந்து வெண்ணிலங்குடியில் நிர்வாகம் நின்றுகொண்டே நடந்தது. ஜாஃபர் சாதிக் மேஜையின் நாலு காலுக்கும் கீழே செங்கல் அடுக்கி உயர்த்திக் கொடுத்தார். தலைவரம்மா நிற்கும்போது தான் எப்படி உட்காருவது என்று அவரும் நின்றார். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் கூச்சப்பட்டு அவர்களும் நின்றார்கள். நின்றுகொண்டு எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? அரைநாள் நடக்க வேண்டிய ஆய்வு, வாங்கப் போன டீ வந்து சேர்வதற்குள் முடிந்துபோனது. நாற்காலியில் மட்டும் ஒரு சாம்பல் நிறப் பூனை ஏறிப் படுத்துக்கொண்டது. பூனைக்குச் சபதம் எதுவும் இல்லை.

முழங்கால் வலி ஒருபக்கம் இருக்க, வேலைகள் நடந்தன. தெருவெல்லாம் எல்இடி விளக்கு வந்தது. அந்த வெளிச்சத்தைக் கண்டு பொழுது விடிந்துவிட்டதென்று ஊர்ச் சேவல்கள் முதல் ஆட்டம் சினிமா முடிகிற நேரத்திலேயே கூவ ஆரம்பித்தன. வயல் பூச்சிகள் அத்தனையும் கிளம்பி விளக்கடிக்கு வந்துவிட்டதால் அந்தப் போகத்தில் மருந்தே அடிக்கவில்லை என்று சாதித்தவர்களும் உண்டு. பிறகு வாய்க்கால் தூர் வாரினார்கள். உள்ளேயிருந்து மூன்று சைக்கிள், ஒரு கிரைண்டர் கல், முந்தைய தலைவர் நட்ட அடிக்கல் எல்லாம் வந்தன. மேட்டூர்த் தண்ணீர் கடைமடை வயல் வரைக்கும் தானாகவே ஓடிப்போனது. குப்பையைப் பிரித்துப் போட வீட்டுக்கு ஒரு பச்சைத் தொட்டியும் ஒரு சிவப்புத் தொட்டியும் கொடுத்தார்கள். பச்சையில் விதை உளுந்தும் சிவப்பில் உப்பு நார்த்தங்காயும் போட்டு ஊரே பத்திரமாக மூடி வைத்தது. குப்பை வழக்கம்போல வேலியோரம் கிடந்தது. பிரகதாம்பாள் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டாள். சண்டை முடிந்ததும் எல்லா வீட்டிலும் ஒரு துண்டு நார்த்தங்காய் கொடுத்தார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இத்தனைக்கும் பஸ் வரவில்லை. குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் விட முடியாது, ரோட்டைப் போட்டுவிட்டு வாருங்கள் என்றார் டிப்போ மேனேஜர். பிரகதாம்பாள் மனுவோடு தஞ்சாவூர்க் கலெக்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அங்கேயும் உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள். இந்த அம்மாள் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமலே அனுமதி கொடுத்ததாக ஒரு பேச்சு. எப்படியோ, புரட்டாசியில் ரோடு வந்துவிட்டது. அப்படியொரு ரோடு. கறுகறுவென்று, வழவழவென்று, பிள்ளையைத் தூங்க வைக்கலாம் போல.

பிள்ளையை யாரும் தூங்க வைக்கவில்லை. நெல்லைக் கொட்டினார்கள்.

குறுவை அறுவடை அப்போதுதான் தொடங்கியிருந்தது. நெல்லில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். இருக்கிற ஒரே களமும் வெடித்துப் புல் முளைத்துக் கிடந்தது. தார் ரோடோ காலையில் சூடேறினால் அந்தி வரை அடுப்பு மாதிரி இருக்கும். மெயின் ரோட்டிலிருந்து பிள்ளையார் கோயில் வரை ஒரே மஞ்சள் பாய் விரித்த மாதிரி நெல். வண்டி ஏறிவிடக் கூடாதென்று ஓரமெல்லாம் கருங்கல்லும் ஒதியங்கிளையும் வேறு.

அன்றைக்குத்தான் டிப்போ மேனேஜர் ஜீப்பில் ரோட்டைப் பார்க்க வந்தார். மெயின் ரோட்டிலேயே இறங்கி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ரோடு எங்கம்மா?"

"கீழ இருக்குங்க சார்" என்றாள் பிரகதாம்பாள்.

அவர் சிரிக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பஸ்ஸையே கொண்டுவருவேன், பிள்ளையார் கோயில் வரை ஓட்டிப் பார்ப்பேன், அன்றைக்கும் நெல் கிடந்தால் இந்தத் தடத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார்.

பிரகதாம்பாள் ரோட்டோரமாகவே நடந்து ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஒருநாள், ஒரே ஒரு காலைப்பொழுது நெல்லை எடுத்துக் கொடுங்கள் என்றாள். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். எல்லோரும் ஒரே திசையில் கையையும் காட்டினார்கள். ரோட்டின் நடுமத்தியில், எல்லாவற்றையும்விட அகலமாகவும் தடிப்பாகவும் கிடந்த நெல் யாருடையது? குடை பிடித்துக்கொண்டு அதைக் காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தவர் தங்கையன்.

"முதல்ல உங்க வூட்டு நெல்ல எடுக்கச் சொல்லுங்க தலைவரம்மா. அப்பறம் நாங்க எடுக்குறோம்" என்றாள் நாகம்மாள். பஸ் கேட்ட அதே நாகம்மாள். அவளுடைய நெல்லும் ஓரத்தில் கொஞ்சம் காய்ந்துகொண்டிருந்தது.

வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயம் வந்தது. தங்கையன் குழம்பைப் பிசைந்துகொண்டே, தனக்கு நாற்காலி ஆசையெல்லாம் ஒன்றும் கிடையாது, எல்லாம் ஈரப்பதம் படுத்துகிற பாடு என்றார். பத்தொன்பதில் நிற்கிறதாம். வெள்ளிக்கிழமை ஒரு வெயில் காய்ந்தால் பதினேழுக்கு வந்துவிடுமாம். ரோடு அரசாங்கத்தினுடையது, வெயில் சூரிய பகவானுடையது, நடுவில் தலைவருக்கு என்ன வேலை என்றும் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த வெள்ளை வேட்டி சட்டை எங்கே இருக்கிறது, கொஞ்சம் வெயிலில் போட்டு வைக்கக் கூடாதா என்றார்.

பிரகதாம்பாள் ரசம் ஊற்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வானம் துலக்கி வைத்த வெண்கலப் பானை மாதிரி பளபளத்தது. மருந்துக்கும் ஒரு மேகம் இல்லை. ரோடு முழுக்க நெல். பத்து மணிக்கு பஸ். பிரகதாம்பாள் அலுவலகத்தில் நின்றபடி, மெத்தென்று உறங்குகிற பூனையைப் பார்த்தாள். அந்த நாற்காலியில் தங்கையன் சுற்றிச் சுற்றிக் கிழக்கே பார்த்து நிற்பதுபோல் ஒரு காட்சி கண்ணில் வந்து போனது. குப்பை வண்டியை எடுக்கச் சொன்னாள். அதில் ஒலிபெருக்கி இருந்தது.

என்ன அறிவிக்க வேண்டும் என்று கேட்டார் ஜாஃபர் சாதிக். அவள் சொன்னதும் மனுஷன் திகைத்துவிட்டார்.

"வானிலையில ஒண்ணும் சொல்லலியேம்மா."

"நான் சொல்றேன்ல."

பொய்யை வாயால் சொல்ல மாட்டேன், வேண்டுமானால் வண்டியை ஓட்டுகிறேன் என்றார் அவர். அதனால் மைக்கை அவளே பிடித்தாள்.

"கிழக்கால கறுத்துக்கிட்டு வருது. மழை, மழை. நெல்லைப் பார்த்துக்குங்க."

வெளியூர்க்காரராக இருந்தால் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்திருப்பார். ரோட்டில் நெல் கிடக்கும்போது மழை என்ற சொல் காதில் விழுந்தால் டெல்டாக்காரர்கள் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், நெல்லைத்தான் பார்ப்பார்கள். நிமிர்ந்து பார்க்கிற நேரத்தில் ஒரு மூட்டையைக் காப்பாற்றிவிடலாமே. பலகையும் துடைப்பமும் சாக்குமாக ஊரே ரோட்டுக்குப் பாய்ந்தது. படுத்த படுக்கையாக இருந்த ஒருவர்கூட எழுந்து வந்து சாக்குப் பிடித்தார், அதற்கப்புறம் அவர் திரும்பிப் படுக்கவேயில்லை. தங்கையன் குடையை வீசிவிட்டு, வெயிலில் காயப் போட்டிருந்த அந்த வெள்ளை வேட்டியிலேயே நெல்லை அள்ளிக் கட்டினார்.

வண்டி பிள்ளையார் கோயிலைத் தொட்டுத் திரும்புவதற்குள் ரோடு ரோடாகிவிட்டது. மூட்டைகளோடு ஓரத்தில் நின்று ஜனங்கள் மூச்சு வாங்கினார்கள். அப்புறம்தான் ஒவ்வொரு தலையாக வானத்தை நோக்கி நிமிர்ந்தது. சுள்ளென்று வெயில். எல்லாத் தலையும் பிரகதாம்பாள் பக்கம் திரும்பின.

"மழை எங்கடி?" என்றார் தங்கையன்.

அவள் பதில் யோசிப்பதற்குள் முனையில் பஸ் திரும்பியது. மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருக்க, காலியான பஸ், கறுத்த ரோட்டில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு வந்து பிள்ளையார் கோயில் வாசலில் நின்றது. அதே நொடியில், நம்பினால் நம்புங்கள், பிரகதாம்பாளின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தது.

எந்த வாய்க்கால் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததோ அந்த மேகம். அறிவிப்பைக் கேட்டுத்தான் வந்திருக்க வேண்டும். ஓடுகளை உடைத்துவிடுவதுபோல் கொட்டியது. கோயிலோ பிள்ளையாருக்கு மட்டுமே போதும். ஒதுங்க அருகில் இருந்த வேறு கூரை ஒன்றே ஒன்று, அது பஸ். மூட்டையும் முறமுமாக வெண்ணிலங்குடி மொத்தமும் இரண்டு வாசலிலும் ஏறியது. நாகம்மாள் கத்தரிக்காய்க் கூடையையும் மறக்கவில்லை. பஸ் நிரம்பி வழிந்ததும், ஏறியதுதான் ஏறினோம், பூதலூர் வரை போய்வந்தால் என்ன என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சோதனை ஓட்டத்திலேயே இத்தனை பயணிகளா என்று மேனேஜர் மலைத்துப்போனார். திங்கட்கிழமை முதல் காலையும் மாலையும் பஸ் உண்டு என்று நனைந்த கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்.

மழை வருவதை முன்கூட்டியே அறிகிற தலைவி என்று அன்றைக்கு வந்த பேர் இன்றுவரை போகவில்லை. விதைப்புக்கு முன்னால் அவளைக் கேட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஜாஃபர் சாதிக் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் பூனைக்குப் பால் வைக்கப் போய்விடுவார்.

அன்றைக்கு அந்த மழையிலேயே பஸ் கிளம்பியது. கடைசியாக ஏறிய பிரகதாம்பாளுக்கு இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் கெஞ்சியது. நடு வரிசையில் ஜன்னலோரம் தங்கையன், பக்கத்து இடத்தில் வெள்ளை வேட்டியில் கட்டிய நெல் மூட்டை, அதன் மேல் இடம் பிடிக்கப் போட்ட அதே துண்டு. மனைவியைப் பார்த்ததும் அவர் மூட்டையை மடிக்கு இழுத்தார்.

"வந்து உட்காரேன், பிரகதா. பஸ்ஸுதான் வந்துடுச்சே."

"நீங்க நல்லா சாய்ஞ்சு உட்காருங்க" என்றாள் அவள். "இனிமே உங்களுக்கு இந்த சீட்டுதான். நான் ஆபீஸ்ல போய் உட்கார்ந்துக்குறேன்."