இடைவேளையில் எதிர்த்திசை

ஆர்ன்கிரெய்க் ரோவர்ஸ் தோற்பதைப் பார்க்க எஃபி மட்ச் நாற்பத்தாறு வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறாள். ஜெயிப்பதைப் பார்க்கவும்தான் போகிறாள். ஆனால் அதற்கு மட்டும் என்றால் இத்தனை தடவை போயிருக்கத் தேவையில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. வயது அறுபத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கும் துணிவும் ஊரில் இல்லை. வாய் அப்படி. எடின்பரோவிலிருந்து புதிதாக வந்த தலைமையாசிரியை ஒரு நாள் சூப்பை வாங்கிக்கொண்டே, இந்தக் கால்பந்துக் கிளப்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற வாத்தியார்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். எஃபிக்கு அன்று என்னவோ நல்ல நாள். பதினாறு வயதில் மழைக்கு ஒதுங்கியதாகவும், மழை இன்னும் விடவில்லை என்றும் சொல்லிவிட்டு அடுத்த தட்டை நிரப்பினாள்.

ஏதோ கடையைத் தேர்ந்தெடுப்பது மாதிரி கிளப்பையும் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைப்பவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். ஆர்ன்கிரெய்க்கிலும் அப்படிச் சிலர் உண்டு. சனிக்கிழமை காலை பஸ் பிடித்து கிளாஸ்கோ போய், அங்கே பெரிய கிளப்புகளின் வெற்றியில் குளிர் காய்ந்துவிட்டு வருவார்கள். ‘நாம ஜெயிச்சோம்’ என்பார்கள். எவன் இவர்களை அந்த ‘நாம’வில் சேர்த்தான் என்று தெரியாது. அங்கே ஐம்பதாயிரம் பேரில் ஒருத்தன் வராவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ரோவர்ஸ் ஆடும் ஷோர் பார்க்கில் இருநூற்றைம்பது பேர். எஃபிக்கு ஜலதோஷம் என்று ஒரு வாரம் வராமல் இருந்ததற்கு, கோல்கீப்பர் செவ்வாய்க்கிழமை கசாப்புக்கடையில் பார்த்து எங்கே போனீர்கள் என்று விசாரித்தான்.

ஷோர் பார்க்கில் ஒரு வழக்கம் உண்டு. சின்னக் கிளப்புகளில் பலவற்றில் இன்னும் இருக்கிறது. நம் அணி எந்த கோலை நோக்கி அடிக்கிறதோ, அந்த கோலுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். முதல் பாதியில் ஆலைப் பக்கம். இடைவேளையில் அணிகள் இடம் மாறும், கூட்டமும் மாறும். கையில் பை எனப்படும் இறைச்சி அப்பத்தோடும், காகித டம்ளரில் சுடச்சுட மாட்டிறைச்சிச் சாறோடும், மைதானத்தின் ஓரப் பாதையில் எல்லாரும் நடந்து கடல் பக்கம் போய்ச் சேர்வார்கள். பாதையின் நடுவில் லாக்கி என்பவனின் பைக்கடை. அந்த இடத்தில் பாதை குறுகல். எதிரே ஆள் வந்தால் தோளைத் திருப்பித்தான் போக முடியும். ஆனால் எதிரே யார் வரப்போகிறார்கள்? எல்லாரும் ஒரே திசையில்தானே போகிறார்கள்.

ஒருத்தி வருவாள். எஃபியின் தங்கை ரோடா.

பதினொரு வருடங்களாக ரோடா, நம் அணி அடிக்கும் கோலுக்குப் பின்னால் நிற்பதில்லை. நம் கோல்கீப்பரின் முதுகுக்குப் பின்னால் போய்த் தனியாக நிற்கிறாள். அக்கா ஆலைப் பக்கம் நின்றால் தங்கை கடல் பக்கம். இடைவேளையில் இருவரும் கிளம்பி, லாக்கியின் கடைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் கடந்து போவார்கள். தோளைத் திருப்புவார்கள். பேச்சு கிடையாது.

காரணம் ரோடாவின் கல்யாணம். முதல் கணவன் விட்டுப் போய் வெகுகாலம் கழித்து, நாற்பத்தேழு வயதில் எரிக் கோவி என்ற தபால்காரர் கிடைத்தார். நல்ல மனிதர். ரோடாவும் ரோவர்ஸ் வீட்டுப் பெண்தானே. கல்யாணத் தேதி குறிக்குமுன் ஆட்ட அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அணி தொலைதூர வெளியூரில். அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. வெளியூர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று எஃபியும் பெரிய மனது பண்ணிச் சொன்னாள். ஆனால் அந்தக் குளிர்காலம் யாரையும் கேட்டு வரவில்லை. வெளியூர் மைதானம் வெள்ளத்தில் மூழ்கி ஆட்டம் நின்றுபோக, உறைபனியால் தள்ளிப்போயிருந்த மாவட்டக் கோப்பை ஆட்டத்தைக் கொண்டுவந்து அந்தச் சனிக்கிழமையில் செருகிவிட்டார்கள். உள்ளூரில். மூன்று மணிக்கு.

ஒரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்தைப் போட்டாள் எஃபி. அப்பா அம்மா இல்லாததால், விருந்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டியவளும் அவள்தான். இரண்டே முக்காலுக்கு, முதல் பாதி மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எரிக்கின் காதில் சொல்லிவிட்டு நழுவினாள். திரும்பி வந்தபோது ஐந்தேகால். கேக் வெட்டியாகிவிட்டது. பேச வேண்டியவளின் நாற்காலியில் யாரோ கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஒரு கோல்கூட இல்லை.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எஃபி கேட்கவில்லை. “அங்க மொத்தமே எண்பத்திரண்டு பேர்தான் இருந்தாங்க ரோடா. ஒருத்தி கொறஞ்சாலும் தெரியும்” என்றாள்.

“என் கல்யாணத்துல பன்னெண்டு பேரு” என்றாள் ரோடா.

அதுதான் கடைசிப் பேச்சு. அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு ரோடா வருவாளா என்று எஃபி பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்தாள். வந்து எதிர்ப் பக்கம் போய் நின்றாள். அக்காவை விட்டாலும் விடுவாள், ரோவர்ஸை விடமாட்டாள். ஊர் இரண்டு மாதம் பேசியது, பிறகு பழகிக்கொண்டது. இருவரும் கடந்து போகும் நேரத்தில் லாக்கி மட்டும், பை கேட்டு நிற்பவர்களைக் காக்கவைத்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் குனிந்து எதையாவது தேடுவான்.

வீட்டுக்குப் போகவும் இல்லை, கடிதம் போடவும் இல்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில்தான் தங்கையின் வாழ்க்கையை எஃபி தெரிந்துகொண்டாள். தலை நரைத்தது, பச்சைக் கோட்டு போய் நீலக் கோட்டு வந்தது, ஒரு வருடம் வலது முழங்கால் இழுத்தது, பிறகு சரியானது. முதல் பாதி முடியப் போகும்போது எஃபி கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைக் கோதிக்கொள்வாள். அணி மூன்று கோல் வாங்கியிருந்தாலும் கோதிக்கொள்வாள். தலைமையாசிரியையிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? தனக்கே அவள் சொல்லிக்கொண்டதில்லை.

இந்த வருடம் ஏப்ரலில் ரோடாவின் வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ என்று பலகை நட்டார்கள். எரிக்கின் மகள் வடக்கே நைர்னில் குழந்தை பெற்றிருக்கிறாளாம், இருவரும் ஜூனில் அங்கேயே போகிறார்களாம். இதையும் லாக்கிதான் சொன்னான், பையில் மிளகுத்தூளைத் தூவிக்கொண்டே, யாரைப் பற்றியோ சொல்வது போல. எஃபி அன்று பையைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். மிச்சம் இருந்தது இரண்டு உள்ளூர் ஆட்டம். அதாவது ஆறு விநாடி.

ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். ‘அன்னிக்கு நான் போயிருக்கக் கூடாது, ரோடா.’ அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு மசிக்கும்போது சொல்லிப் பார்த்தாள், நன்றாகவே வந்தது. முதல் ஆட்டத்தில் கடைக்கு முன்னால் வாயைத் திறந்தாள், பின்னால் வந்தவன் இடித்துவிட்டான். இரண்டாவதில் யாரும் இடிக்கவில்லை. வார்த்தைதான் வரவில்லை. உலகத்தையே வாய்க்கு வாய் பேசித் தீர்க்கிறவளுக்கு ஐந்து சொல் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் ரோவர்ஸ் கடைசி இடத்தில் முடித்தது. அந்தப் புண்ணியத்தில் இன்னும் ஓர் உள்ளூர் ஆட்டம் கிடைத்தது. கடைசி இடத்து அணி, வடக்கே ஹைலேண்ட் லீக்கில் ஜெயித்து வரும் அணியோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். தோற்றால் அவர்கள் மேலே வருவார்கள், நாம் கீழே அவர்கள் இடத்துக்குப் போக வேண்டும். தொண்ணூற்றேழு வருடமாகக் கீழே போகாத கிளப். அந்த அணியின் ஊரான ஸ்ட்ராத்புரோடியில் முதல் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாவது ஷோர் பார்க்கில், மே மாதச் சனிக்கிழமை.

அன்று பார்த்துக் கடலிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. மற்ற ஊர்களில் வெயில் அடித்திருக்கும். ஆர்ன்கிரெய்க்கில் மட்டும் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியவில்லை. எண்ணூறு பேர் வந்திருந்தார்கள், கிளாஸ்கோ பஸ் ஆசாமிகள் சிலரும் சேர்ந்து. துக்க வீட்டுக்கு மட்டும் வரும் சொந்தக்காரர்கள் என்று எஃபி அவர்களைச் சத்தமாகவே சொன்னாள். ஆலைப் பக்கத்தில் தன் வழக்கமான கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடைவேளைக்காக வாக்கியத்தை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

காசு சுண்டினார்கள். ஸ்ட்ராத்புரோடியின் கேப்டன் ஜெயித்தான், ஜெயித்தவன் வேண்டுமென்றே பக்கத்தை மாற்றிக் கேட்டான். நம்மை நிலைகுலைக்கும் தந்திரம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். அணிகள் இடம் மாறின. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பியது. இடைவேளைக்கு முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று நம்பி நின்ற எஃபி, தலைகூடக் கோதாமல், பையில் பாதியை மென்றுகொண்டு ஓரப் பாதையில் நடந்தாள். லாக்கியின் கடைக்கு முன்னால் மூட்டத்துக்குள்ளிருந்து நீலக் கோட்டு வந்தது.

“திருப்பி விட்டுட்டானுங்க” என்றாள் ரோடா.

“எமகாதகப் பயலுங்க” என்றாள் எஃபி.

இரண்டு பேரும் தோளைத் திருப்பி, கடந்து, பத்தடி போன பிறகுதான் என்ன நடந்தது என்று உறைத்தது. எஃபி நின்று திரும்பினாள். மூட்டம் மட்டும் இருந்தது. ரோடா அவளிடம் பேசவில்லை, அன்று ஷோர் பார்க்கில் எல்லாரும் எல்லாரிடமும் சொன்னதைச் சொன்னாள். பதினொரு வருடக் கோபத்தைக் காட்டிலும் அந்த எரிச்சல் வேகமாக வாய்க்கு வந்துவிட்டது. அவ்வளவுதான். திரும்பிய வேகத்தில் கையிலிருந்த டம்ளரிலிருந்து மாட்டுச்சாறு கோட்டில் சிந்தியிருந்ததை எஃபி அப்புறம்தான் பார்த்தாள்.

முதல் பாதியில் கோல் இல்லை. விசில் ஊதியதும் கூட்டம் ஆலைப் பக்கத்துக்குக் கிளம்பியது. எஃபி நகரவில்லை. வரலையா என்று யாரோ கேட்டார்கள். கால் வலிக்கிறது என்றாள். கால் வலி அவளுக்கு வாழ்நாளில் இருந்ததில்லை. சிறிது நேரத்தில் கடல் பக்கம் காலியானது. நம் கோல்கீப்பர் வந்து, இரண்டு கம்பத்தையும் காலால் தட்டிப் பார்த்து, பின்னால் எஃபி நிற்பதைக் கண்டு முகம் வெளுத்தான். அவள் இங்கே நிற்பது நல்ல சகுனமாக அவனுக்குப் படவில்லை.

ரோடா மூட்டத்திலிருந்து வந்தாள், அக்காவைப் பார்த்தாள், நின்றாள்.

“நீ அங்க போகலையா?”

“இல்ல.”

“இங்கேருந்து நாம அடிக்கிறது ஒண்ணும் தெரியாது.”

“தெரியாட்டிப் போகுது.”

ஒரு கஜம் தள்ளி ரோடா கம்பியைப் பிடித்தாள். ஆட்டம் தொடங்கியது. இந்தப் பக்கத்தில் நிற்பது என்னவென்று எஃபிக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் ஆசை மட்டும் இருக்கும். இங்கே பயம் மட்டும். கோல்கீப்பர் தனக்குத்தானே திட்டிக்கொள்வது கேட்டது. அவன் காலுறையில் ஒரு ஓட்டை. பந்து கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ போய், திடீரென்று மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நம் தலைமேல் வரும். இதைப் பார்த்துக்கொண்டு பதினொரு வருடம் தனியாக நின்றிருக்கிறாள் ரோடா.

எழுபத்தெட்டாவது நிமிடம் அப்படித்தான் வந்தது. கோல்கீப்பர் எழும்பினான், ஈரப் பந்து விரலில் பட்டு வழுக்கி, அவன் முழங்காலில் பட்டு உள்ளே உருண்டது. எண்ணூறு பேரில் அதைச் சரியாகப் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். கோல்கீப்பர் திரும்பி அவர்களைப் பார்த்தான். ரோடா, “பரவால்ல கண்ணு, எந்திரி” என்றாள். அவன் எழுந்தான். இதை அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று எஃபி யோசித்தாள்.

கடைசி நிமிடங்கள். நம் ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள், கோல்கீப்பர்கூட ஓடிவிட்டான். முன்னால் வெறும் புல்லும் வெள்ளை மூட்டமும். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கோல் விழுந்தால் அங்கேதான் விழும். எஃபி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தாள்.

“அன்னிக்கு நான் போயிருக்கக் கூடாது, ரோடா.”

சொல்லி முடிக்கும்போது ஆலைப் பக்கத்திலிருந்து கூரை பிய்ந்தது போல் ஒரு சத்தம். ரோடா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். சத்தம் தேய்ந்து, முனகலாகி, வசவாக மாறியது. ஆஃப்சைட் என்று கோலைச் செல்லாமல் ஆக்கியிருக்க வேண்டும்.

“கேக்கல” என்றாள் ரோடா. “திரும்பச் சொல்லு.”

எஃபி திரும்பச் சொன்னாள். இந்த முறை சத்தமாக, காலி மைதானத்துக்கே கேட்கும்படி. கூடவே, பேச வேண்டிய நாற்காலியில் உட்காராமல் போனது தப்பு, அதற்கப்புறம் பேசியது அதைவிடத் தப்பு என்றும் சொன்னாள். விசில் மூன்று முறை ஊதியது, தொண்ணூற்றேழு வருடம் முடிந்தது.

அழாதவர் இல்லை. லாக்கி மிச்சமிருந்த பைகளைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான், யாரும் எடுக்கவில்லை. சகோதரிகள் அவன் கடைக்கு முன்னால் வந்தபோது பாதை வழக்கம் போலக் குறுகலாக இருந்தது. இருவரும் ஒரே திசையில் போனதால் ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. இந்த முறை லாக்கி குனியவில்லை.

“நைர்னும் ஹைலேண்ட் லீக்லதான் இருக்கு” என்றாள் ரோடா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “அடுத்த வருஷம் நாம அங்க வந்து ஆடணும்.”

“வருவோம்.”

“சனிக்கிழமை சாயங்காலம் பஸ் கிடையாது. தங்கித்தான் போகணும்.”

எஃபி தலையாட்டினாள். வாசல் வரை இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். வாசலில் ரோடா அக்காவின் கோட்டில் சிந்தியிருந்த மாட்டுச்சாற்றைக் கைக்குட்டையால் துடைக்கத் தொடங்கினாள். கறை போகவில்லை, அவளும் விடவில்லை.

“மொத தடவையே கேட்டுச்சு, எஃபி” என்றாள்.