லிகாயா ஒட்டாத பெட்டி

சோப்புக்கட்டியை சாக்ஸுக்குள் திணித்து, சாக்ஸை ஷூவுக்குள் திணித்து, ஷூவைப் பெட்டிக்குள் திணிப்பாள் லிகாயா. இடுப்பு உயர அட்டைப்பெட்டி. பிழைக்க வந்த இந்த மில்டூரா ஊரில் எங்கள் பிலிப்பைன்ஸ்காரர் வீடுகள் எல்லாவற்றிலும் இப்படி ஒன்று நிற்கும். மாதக்கணக்கில் நிரப்பிக் கப்பலில் ஊருக்கு அனுப்புவோம். இவள் பெட்டி மட்டும் இரண்டு வருடமாக நகரவில்லை. நிரம்பி வழிந்தால், மேலே இருக்கும் சாக்லேட்டை எடுத்து எனக்கே கொடுத்துவிடுவாள்!

"ஒட்டி அனுப்பேன்டி!"

"எதுக்குக்கா? என்னை நாட்டைவிட்டுத் துரத்திட்டா நானே தூக்கிட்டுப் போயிடுவேன்ல."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். 

ஆரஞ்சு தரம் பிரிக்கும் கொட்டகையில் அவள் கையைவிட வேகமான கை கிடையாது. வாசலில் தெரியாத வேன் வந்து நின்றால் மட்டும், குடியேற்றத் துறை அதிகாரிகளோ என்று அந்தக் கை அப்படியே உறையும். அவனோடு இருந்தவரை கணவன் டேரன் கையால் அடிப்பான். அவன் தாய் நாக்கால். "ஒரு போன் போட்டா நாளைக்கே நீ விமானத்துல!" அவள் தப்பி வந்த வாரமே அந்தப் பாவி குடியேற்றத் துறைக்குப் போன் போட்டான். மனைவி என்று அவள் விசாவுக்குக் கொடுத்த ஆதரவையும் திரும்பப் பெற்றான்.

"அதோட முடிஞ்சுதுன்னு யார் சொன்னா?" என்றாள் இலவச சட்ட உதவி வக்கீலம்மா. "அடியாலதான் உறவு முறிஞ்சுதுன்னு காட்டு. விண்ணப்பம் செல்லும்."

டாக்டர் கடிதம் வந்தது. அவள் தங்கியிருந்த பெண்கள் காப்பகத்தார் கடிதம் வந்தது. இவள் வாக்குமூலத்தில்தான் வினை! பதினோரு பக்கத்திலும் 'விழுந்தேன்', 'விழுந்தேன்'. வக்கீலம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லிப் பழகிட்டேன்க்கா," என்று அழுதுகொண்டே அத்தனையையும் அடித்து எழுதினாள்: 'தள்ளினான்.'

அதிலிருந்து கொட்டகைக்குப் புதிதாக எந்தப் பெண் வந்தாலும் விடமாட்டாள். "உன் விசா உன் புருஷன் பாக்கெட்டுல இருக்குன்னு நம்பாதடி! வக்கீலைப் போய்க் கேளு!"

இன்று தேநீர் இடைவேளையில் அவள் போன் கிணுகிணுத்தது.

"அக்கா, நீ படி. எனக்கு எழுத்தெல்லாம் ஓடுது."

படித்தேன். குடியேற்றத் துறையின் மின்னஞ்சல்: இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம்! நான் போட்ட கூச்சலில் மேற்பார்வையாளர் காபியைக் கொட்டிக்கொண்டார்.

"திரும்பப் படி அக்கா. அந்த 'நிரந்தர'ங்கிற இடத்துல கொஞ்சம் நில்லு."

ஏழு முறை படித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பெட்டிமுன் மண்டியிட்டாள். நான்கு மடிப்புகளையும் அழுத்தி மூடினாள். பர்ரென்று டேப்பை இழுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒட்டி, பல்லால் கடித்து அறுத்தாள்.