எல்ஸ்பெத்தின் தொழில்

எங்கள் ஊர் வாத்தியார் மங்கோ கில்ரூத்துக்கு லத்தீன் தெரியும், நட்சத்திரங்களின் பெயர் தெரியும். தன் வீட்டு அடுக்களையில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது. மகாராணியின் அரசாங்கம் பத்து வருடத்துக்கொரு தடவை குடிகளை எண்ணும். எங்கள் பக்கத்தில் அந்த வேலை அவருக்குத்தான் வரும். அந்த வாரம் முழுக்க மனிதர் சற்று உயரமாகவே நடப்பார்.

வீடு வீடாகப் போய் பெயர், வயது, தொழில் கேட்டு எழுதினார். தேனீ வளர்க்கும் விதவை கிர்ஸ்டி, போன தடவை சொன்ன அதே நாற்பதை இந்தத் தடவையும் சொன்னாள். பத்து கூடியிருக்க வேண்டுமே என்றார் இவர்.

"கூடினது உங்களுக்கு, வாத்தியாரே. அதான் கண்ணாடி போட்டிருக்கீங்க," என்றாள் அவள்.

கடைசியில் தன் வீட்டை எழுத உட்கார்ந்தார். தான் குடும்பத் தலைவர், பள்ளி ஆசிரியர். ஜீன், வீட்டு வேலைக்காரி. மனைவி எல்ஸ்பெத்துக்கு நேரே தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டார். துணி தேய்த்துக்கொண்டிருந்த எல்ஸ்பெத் எட்டிப் பார்த்தாள். பள்ளியும் வீடும் ஒரே கூரையின் கீழ். சின்னப் பிள்ளைகளை அடுக்களையில் உட்காரவைத்து எழுத்து சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். என் மகள்கள் இருவரும் அவளிடம் வாசிக்கப் பழகியவர்கள்.

"எனக்கு ஒண்ணுமே எழுதலையே?"

"மனைவின்னு எழுதியிருக்கேனே, எல்ஸ்பெத்."

"அது உறவு. ஜீனுக்குக்கூட ஒரு தொழில் இருக்கு."

சம்பளம் வாங்காத வேலை தொழிலாகாது என்று அவர் சட்டம் பேசினார். அவள் இஸ்திரிப்பெட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள் என்று ஜீன் சொன்னாள்.

மறுநாள் காலை சின்னதுகள் அத்தனையையும் அவர் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, எல்ஸ்பெத் கணப்படுப்பின் முன் காலை நீட்டி உட்கார்ந்தாள். அங்கே ஒன்று அம்மா வேண்டுமென்று அழுதது, ஒன்று பெஞ்சை நனைத்தது, ஒன்று சிலேட்டுக் குச்சியைக் கடித்து விழுங்கியது. பெரிய பையன்கள் லத்தீனை மறந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்குள் வாத்தியார் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"நான் தொழில் இல்லாதவளாச்சே," என்றாள் அவள், திரும்பாமலே.

அவர் போய் 'ஆசிரியருக்கு உதவி' என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினார். அதைப் படித்தவள் காலை மறுபடியும் நீட்டிக்கொண்டாள். அவர் பெருமூச்சோடு அதை அடித்துவிட்டு 'ஆசிரியை' என்று எழுதினார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் இந்தக் கணக்கையெல்லாம் சரிபார்க்கும் பதிவாளர், அந்தச் சொல்லின் மேல் கோடு கிழித்துவிட்டார். என் தங்கை அந்தப் பதிவாளர் வீட்டில்தான் சமைக்கிறாள்; நடந்ததை அவள் சொல்லித்தான் அறிந்தேன். போதகரிடம் பேசுவதற்கே மென்று விழுங்கும் நம் வாத்தியார், கொட்டும் மழையில் மலையைத் தாண்டிப் போய் பதிவாளர் முன் நின்றாராம்.

"ஒரு நாள் வந்து அந்தப் பிள்ளைங்களை வச்சுப் பாருங்க ஐயா. அப்புறமும் கோடு போடத் தோணுச்சுன்னா போடுங்க."

பதிவாளர் பேனாவை எடுத்துக் கோட்டுக்கு மேலே அதே சொல்லைத் திரும்ப எழுதினார்.

நனைந்து வந்தவரிடம் எங்கே போனீர்கள் என்று எல்ஸ்பெத் கேட்டாள். ஆட்டு விலை விசாரிக்கப் போனேன் என்றார். அவர்களுக்கு ஆடே கிடையாது. அவள் அவருடைய பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைத்தாள்.