திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கை

பொங்கல் கழிந்த நாலாம் நாள் அப்பா போர்வெல் லாரி வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். அவர் இருந்தால்தான் எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்கும். அம்மா எதுவும் அளந்துதான் பேசுவாள். எனக்கு அப்போது எட்டு வயது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எங்கள் ஊரில் வீடுகளும் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். துணை என்று எனக்கிருந்தது என் வகுப்புக்காரி ஒருத்தி மட்டும்.

பண்டிகை முடிந்ததும் எங்கள் பக்கம் பல வீடுகளில் அடுக்குப் பானையில் அரிசி காலியாகிவிடும். குச்சிக்கிழங்கு பிடுங்கி லாரி ஏற்றினால்தான் மறுபடி கையில் ஏதாவது வரும். அதனால் முடிந்தவர்கள் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து பெருமாள் கோயில் மண்டபத்தில் சேர்ப்பார்கள். குறுக்கே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டியிருப்பார்கள். இல்லாதவர்கள் ஒருவர் போனபின் ஒருவராக வந்து, திரைக்கு அடியில் பையை நீட்டுவார்கள். இந்தப் பக்கம் பெண்கள் அளந்து போடுவார்கள். அம்மா வருஷம் தவறாமல் அளக்கப் போவாள். அந்த வருஷம் என்னையும் கூட்டிப் போனாள்.

என்னைக் கண்டதும், அளக்க வந்திருந்த என் அத்தை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். “அப்பன் லாரி ஏறுனதுல இருந்து மூஞ்சி சுண்டிப் போச்சு பாருங்க. படியக் கையில குடுங்க, சரியாப் போயிரும்.”

அம்மா ஒன்றுதான் சொன்னாள். “எட்டிப் பாக்கப்படாது கண்ணு. வாங்கறது யாருன்னு சாமிக்குத் தெரிஞ்சாப் போதும்.”

பெருமாளைக் கும்பிட்டுவிட்டு அளந்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைகளாக வந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு சின்னக் கை வந்தது. விரலெல்லாம் மருதாணிச் சிவப்பு, சுண்டுவிரல் மட்டும் வெறுமை. போகிக்கு முந்தின நாள் அரைத்த மருதாணி அந்த ஒரு விரலுக்குப் பத்தாமல் போனது எனக்குத் தெரியும். வைத்துவிட்டவளே நான்தான். அதற்குப் பிறகு என் வகுப்புக்காரியைப் பார்க்கவே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் வேட்டியைத் தூக்கிவிட்டேன்.

“ஏ புள்ள, நாந்தான்.”

அளந்துகொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போனாள். ஒரு படிதான் போட்டிருந்தேன். அம்மா அடிக்கவில்லை, என் கையிலிருந்த படியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன், சாயங்காலம் தனியாக நடந்தேன். யோசித்து யோசித்துப் பார்த்து, அரிசி குறைந்துபோனதில்தான் அவளுக்குக் கோபம் என்று கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தெரியாமல் மண்டபத்திலிருந்து நாங்கள் எடுத்து வந்திருந்த அவள் பையில் இன்னும் இரண்டு படி போட்டுத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் மலைக்குக் கீழே கீழ்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“கோயில்ல நீ உட்டுட்டு வந்த அரிசி. கூடவும் போட்டிருக்கறேன், கோவிச்சுக்காத” என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். அவளுடைய அம்மா எழுந்து வந்து என் தலையைத் தடவினாள். “எங்களுக்கு நெறைய இருக்குது சாமி. ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போ.”

பை கனத்தது. கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு படி போட்டிருந்தால் வாங்கியிருப்பார்கள் என்று பெருமாளிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன்.