ஜெயித்தால்தான் லீவ்

எனக்குக் கிரிக்கெட்டே அவ்வளவாகப் பிடிக்காது. டிவி முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். யாரோ அடிக்கிறான், யாரோ அவுட் ஆகிறான், இவர்களுக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்று கேட்டு நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு கோடை முழுக்க, நான் பார்த்தே இராத ஓர் அமெரிக்க ஊரின் பேஸ்பால் அணிக்காகச் சோறு இறங்காமல் தவித்தேன். எல்லாம் ஒரு கையெழுத்துக்காக.

அப்போது சவுதியில், அல் கோபாரில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் சைட் ஆபீசில் செக்ரட்டரியாக இருந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் புராஜெக்ட் மேனேஜர் ஓர் அமெரிக்கர், அறுபதைத் தொட்டவர். கேம்பில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். கேபினில் ஃபைல் அலமாரியின் மேல் அவருடைய ஊர் அணியின் தொப்பி ஒன்று இருக்கும். துடைக்க வருபவர்கள்கூட அதைத் தொடக்கூடாது. அவருடைய ஊரில் சாயங்காலம் ஆட்டம் தொடங்கினால் எங்களுக்கு அது விடிகிற நேரம். ஆறரைக்கு டியூட்டிக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் ரேடியோ வர்ணனையைப் போட்டுவிட்டுத்தான் முதல் காபியைக் குடிப்பார். அணி நேரம் முந்திய கிழக்குப் பக்க ஊர்களுக்குப் போயிருந்தால் நாங்கள் வருவதற்கு முன்பே ஆட்டம் முடிந்திருக்கும். அப்போது ரேடியோ தேவையில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே போதும்.

ஜெயித்தால் எல்லோருக்கும் குட்மார்னிங். தோற்றால் கேபின் கதவு படாரென்று மூடும். பேஸ்பாலில் இன்னொரு சனியன், அதைக் கிட்டத்தட்ட தினமும் ஆடுகிறார்கள். நேற்று தோற்றதை மறப்பதற்குள் இன்று இன்னொரு முறை தோற்கலாம்.

லீவ் ஃபாரத்தில் பெரியவர் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி பாஸ்போர்ட்டை எடுத்து, ஊருக்குப் போய்த் திரும்புவதற்கான விசா வேலையைத் தொடங்கும். ஃபாரங்கள் என் வழியாகத்தான் உள்ளே போகும். ஒருமுறை வெல்டிங் ஃபோர்மேன், பாகிஸ்தான்காரர், நான் கண்ணைக் காட்டியும் கேளாமல் அணி தோற்ற காலையில் உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "மாஃபி லீவ், பாய்" என்று என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அவருக்கு மாற்று ஆள் இன்னும் வந்து சேரவில்லை என்பதெல்லாம் எங்கள் மண்டையில் ஏறவில்லை. அணி தோற்றது, லீவ் போச்சு, அவ்வளவுதான் கணக்கு. அன்றிலிருந்து ஆட்கள் ஃபாரத்தோடு முதலில் என் மேஜைக்கு வருவார்கள். "இன்னிக்கு எப்படி?" என்பார்கள். ராகுகாலம் பார்த்துச் சொல்லும் ஜோசியரைப் போல நான் இன்று வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்பேன். அந்த மரியாதை எனக்குப் பிடித்தும் இருந்தது.

என் ஃபாரம் மட்டும் என் மேஜை டிராயரிலேயே இருந்தது. ராஜபாளையத்தில் என் மனைவிக்கு ஆகஸ்ட் நடுவில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். இதற்கு முந்தைய தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. அன்று நான் இங்கே ஒரு போன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு, கார்டில் காசு தீர்ந்துவிடுமோ என்று பயந்தபடி நின்றேன். அதைப்போல் கேவலமாக நான் என்னை எப்போதும் உணர்ந்ததில்லை. இந்த முறை நீ லேபர் வார்டுக்குள் போகும்போது நான் வாசலில் நிற்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. இதை மட்டும் கேட்டாள்.

மே மாதத்தில் பெரியவரிடம் லேசாகச் சொல்லி வைத்தேன். அணி முதலிடத்தில் இருந்தது. தோளில் தட்டி, நீ கண்டிப்பாகப் போகவேண்டும், ஜூலையில் ஃபாரத்தைக் கொண்டுவா என்றார். ஆலையை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை அக்டோபரில்தான், அதற்குள் நான் போய்த் திரும்பிவிடலாம். எல்லாம் கைக்குள் இருந்த மாதிரி இருந்தது.

ஜூன் நடுவில் அணி சரியத் தொடங்கியது. அதற்குக் காரணம் ஒரே ஆள் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஒன்பதாவதான கடைசி இன்னிங்ஸில், ஜெயிக்கப்போகிற ஆட்டத்தைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு பந்து வீச்சாளரை வைத்திருப்பார்கள். எங்கள் அணியில் அந்த வேலைக்கு இருந்தவன் தாடிக்காரன். எட்டு இன்னிங்ஸ் மற்றவர்கள் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள், இவன் வந்து பத்தே நிமிஷத்தில் தாரை வார்த்துவிட்டுப் போவான். எங்கள் அணி என்று நானே எப்போது சொல்ல ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பெரியவர் வருவதற்கு முன்பே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, ஆமை வேக இன்டர்நெட்டில் ஸ்கோர் பார்ப்பேன். விதிகளைக் கற்றுக்கொண்டேன். அந்தத் தாடிக்காரனின் படம் ஒன்று தபால்தலை அளவில் திரையில் வரும், சூயிங்கம் மென்றுகொண்டு. கல்யாண வீட்டில் வம்பு பண்ணுகிற சொந்தக்காரனை வெறுப்பதுபோல் அவனை வெறுத்தேன். ரூமில் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த பிள்ளையாரிடம் அவனுக்கு நல்ல புத்தி கொடு என்று வேண்டினேன். பிள்ளையாருக்கு பேஸ்பால் தெரியுமா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

இடையிடையே ஜெயித்தார்கள், இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அன்றைக்குப் பார்த்துப் பெரியவர் கிளையண்ட் ஆபீசுக்கு மீட்டிங் போயிருப்பார், இல்லையென்றால் அது ஆபீஸ் இல்லாத வெள்ளிக்கிழமையாக இருக்கும். மறுநாள் ஃபாரத்தை எடுத்தால் மறுபடியும் தோற்றிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் மனைவியிடம் பேசுவேன். கால் வீங்கியிருக்கிறது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்பாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்பாள்.

"ஏங்க, உங்க டீம் ஜெயிச்சாங்களா?"

முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அவளுடைய அம்மாவும் கேட்க ஆரம்பித்துவிட்டாராம். அது என்ன விளையாட்டு என்று இருவருக்கும் தெரியாது, ஜெயித்தால் மாப்பிள்ளை வருவார் என்பது மட்டும் தெரியும்.

என் ரூமில் இருந்த அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், டைம் கீப்பர், இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "பெரியவரு என்ன பச்சப்புள்ளையாடே? வந்தா வருது, போனா போவுது, ஒரு வார்த்தை கேட்டுப் பாரு" என்றார். நீங்கள் கேட்டுப் பாருங்களேன் என்று எரிந்து விழுந்தேன். அவருக்கும் மகள் காதுகுத்துக்கு லீவ் வேண்டியிருந்தது. மறுநாள் காலை, அந்த ஆண்டிலேயே கேவலமான தோல்வி. பதினோரு ரன் வித்தியாசம், பேஸ்பாலில் அது மலை. கேபின் கதவு மூடிய சத்தத்தில் என் மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளர் ஆடியது. அண்ணாச்சி கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெளியே வந்தவர் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தை என் முன்னால் வைத்து, "போதுமா?" என்றார்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவர் பத்து நாள்தான் கேட்டார், நான் இரண்டு மாதம் கேட்கப்போகிறேன், அவரும் நானும் ஒன்றா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பெரியவர் சந்தோஷமாக இருக்கும்போது கேட்டால் இரண்டு மாதமும் கிடைக்கும், கடுப்பில் இருந்தால் பாதியாக வெட்டுவார். ஒரு நல்ல ஜெயம் போதும். அதற்குக் காத்திருந்தேன்.

அந்த ஜெயம் ஜூலை மூன்றாம் வாரம் வந்தது. அதற்குமேல் தள்ளினால் விசாவும் டிக்கெட்டும் நேரத்துக்குக் கிடைக்காது என்கிற கட்டம். சொந்த ஊரில் ஆட்டம். ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாதி திறந்திருந்த கேபின் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். கடைசி இன்னிங்ஸ், ஒரே ஒரு ரன் முன்னிலை. பந்து வீச வருகிறவன் பெயரை வர்ணனையாளர் சொன்னார். தாடிக்காரன்.

பெரியவர் நெற்றியைத் தேய்த்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே வரச்சொல்லிச் சைகை காட்டி, எதிர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். முதல் இரண்டு பேரை அவுட்டாக்கினான். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவனுடைய வேலையைக் காட்டினான். மூன்று மூலையிலும் எதிரணி ஆட்கள் ஓடிவந்து ரன் எடுக்கத் தயாராக நின்றார்கள். இன்னும் ஓர் ஆள் அவுட்டானால் ஜெயம், ஆனால் ஒரு நல்ல அடி விழுந்தால் எல்லாம் முடிந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் சட்டை முதுகில் ஒட்டியது. ஃபாரத்தின் ஓரம் என் விரலில் நனைந்துபோனது. ராஜபாளையத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், இங்கே எவனோ ஒருவன் கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மட்டையில் பந்து பட்ட சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. கூட்டம் கத்தியது. வர்ணனையாளர் குரல் ஏறிக்கொண்டே போனது. பெரியவர் எழுந்துவிட்டார், நானும் எழுந்துவிட்டேன். எல்லைச் சுவருக்குப் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவன் அதைப் பிடித்துவிட்டான்.

பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் முகம் மே மாதத்து முகமாக இருந்தது. நான் ஒரு விநாடிகூடத் தாமதிக்காமல் ஃபாரத்தை நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பேனாவை எடுக்கவில்லை.

நேற்று சாயங்காலம் கிளையண்டிடமிருந்து உத்தரவு வந்திருக்கிறது என்றார். ஷட்டவுனை ஆகஸ்டுக்கு முன்னால் இழுத்துவிட்டார்கள். அது முடியும்வரை சைட் ஆபீசில் யாருக்கும் புதிதாக லீவ் கிடையாது, அவருடைய லீவும் ரத்து. ஏற்கெனவே கையெழுத்தானவர்கள் மட்டும் போகலாம். பிறகு உண்மையாகவே புரியாமல் கேட்டார், இத்தனை நாள் ஏன் கொண்டுவரவில்லை, ஜூலை பிறந்ததிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தேனே என்று.

நீங்கள் தோற்றுக்கொண்டிருந்தீர்களே என்று எப்படிச் சொல்வது? ஃபாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அண்ணாச்சி ஊருக்குக் கிளம்பினார். போகும்போது ஏதாவது குத்தலாகச் சொல்வார் என்று பயந்தேன். வீட்டுக்கு ஏதாவது கொடுத்தனுப்பணுமா என்று மட்டும் கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மனைவியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஜெயித்தார்கள், ஆனாலும் லீவ் இல்லை. அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"ஜெயிச்சுமா குடுக்கலை?" என்றாள்.

ஆமாம் என்றேன். உப்பைக் குறைத்ததில் கால் வீக்கம் வடிந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

ஆகஸ்டில் வேலை மென்னியைப் பிடித்தது. அணிக்கோ எங்கிருந்துதான் வந்ததோ அதிர்ஷ்டம், தொட்டதெல்லாம் ஜெயம். தாடிக்காரன்கூட ஒழுங்காக வீசினான். பெரியவர் தினமும் குட்மார்னிங் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. இனிமேல் ஸ்கோர் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன், ஆனாலும் முதல் பஸ்ஸில் வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னால், காலையில் என் மேஜை போன் அடித்தது. அவசரத்துக்கென்று மச்சினனிடம் கொடுத்துவைத்த நம்பர். அப்போதுதான் ஆட்டம் முடிந்திருந்தது, பெரியவர் காபிக் கோப்பையோடு கேபின் வாசலுக்கு வந்து நின்று, நாம் ஜெயித்துவிட்டோம் என்று எனக்குக் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டிருந்தார். மாமியார் பேசினார். பொம்பளைப் பிள்ளை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க என்றார். பெரியவரிடம் ஆங்கிலத்தில் மகள் என்றேன். அவர் கோப்பையை என் மேஜையில் வைத்துவிட்டு என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார்.

போன் அவள் கைக்கு மாறியது. குரலே இல்லை, காற்று மாதிரி வந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"உங்க டீம் என்னாச்சு?" என்றாள்.

"ஜெயிச்சுட்டாங்க."

பக்கத்தில் பிள்ளை சிணுங்குவது கேட்டது.

"அப்போ கெளம்பி வாங்க" என்றாள்.

கேலியாகச் சொன்னாளா, மயக்கத்தில் சொன்னாளா, இன்றுவரை நான் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்த்த பெரியவர், மனைவி என்ன கேட்கிறாள் என்றார். நம்முடைய அணி ஜெயித்ததா என்று கேட்கிறாள் என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தியாவில் ஒரு பெண், பிள்ளை பெற்ற கையோடு என் ஊர் அணியை விசாரிக்கிறாள் என்று வாய்விட்டுச் சிரித்தார், அலமாரி மேலிருந்த தொப்பியை எடுத்துவந்து குழந்தைக்கு என்று என் கையில் கொடுத்தார். ஜெயித்ததைக் கேட்டதும் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார்.

அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.