நான் சேர்த்த நான்காவது சுற்று

போன வருடம் ஜனவரி மாதம். எதிர் வீட்டு பால்கனிகூடத் தெரியாத அளவுக்கு டெல்லியில் மூடுபனி. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் காலைச் சமையலுக்குக் குக்கர் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவளிடமிருந்து போன் வந்தது.

அவள் என்னோடு பல்கலைக்கழகத்தில் நடனம் படித்தவள். எங்கள் வகுப்பில் எல்லோருமே எங்கேயோ போய்விட்டார்கள். ஒருத்தி சினிமாவில் டான்ஸ் மாஸ்டர். ஒருவன் ஐரோப்பாவில் சொந்தமாக நடனக் குழு வைத்திருக்கிறான். இவள் எல்லோருக்கும் மேலே. விழா என்றால் இவள், விருது என்றால் இவள். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைத் திறந்தால் இவள் முகம்தான் முதலில் சிரிக்கும். நானோ அரசு ஊழியரைக் கட்டிக்கொண்டு டெல்லி வந்து, சனி ஞாயிறுகளில் காலனிக் குழந்தைகளுக்குப் பரதத்தின் முதல் பாடமான தட்டடவு சொல்லிக்கொடுக்கிறேன். வாட்ஸ்அப்பில் அவள் படம் வந்தால் முதலில் கைதட்டல் பொம்மை போடுவது நான்தான். போட்டுவிட்டு அன்று முழுக்க வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுவேன். பொறாமைதான், வேறென்ன?

அன்று மாலை மண்டி ஹவுஸ் பக்கம் ஓர் அரங்கில் அவளுக்கு நிகழ்ச்சி. கைத்தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கக்காரர் வரவேண்டிய சென்னை விமானம் பனியால் ரத்தாகிவிட்டது. அந்த ஆள் இல்லாமல் மேடையில் ஒன்றும் நடக்காது.

"நம்ம சார் கட்டின ஜதிதான்டி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் உனக்கு வரும். வந்துடேன், ப்ளீஸ்" என்றாள்.

டெல்லிக்கு வந்து இரண்டு நாளாகியும் எனக்கு ஒரு போன் இல்லை, ஆபத்து என்றதும் ஞாபகம் வந்துவிட்டதா? முடியாது என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மகள், "அம்மா, அந்த ஃபேமஸ் ஆன்ட்டியா? அவங்களுக்கு உங்களைத் தெரியுமா, நிஜமாவா?" என்று கண்ணை விரித்தாள். அந்தக் கேள்விக்காகவே கிளம்பினேன்.

மேடையில் தொகுப்பாளினி அவளுடைய பெருமைகளை மூச்சு வாங்க வாங்கப் படித்தாள். என் முறை வந்ததும், "ஔர் நட்டுவாங்கம் மே, ஹமாரி லோக்கல் ஆர்ட்டிஸ்ட்" என்று, ஏதோ உள்ளூர்க் கலைஞர் என்பதுபோல, பெயர்கூடச் சொல்லாமல் முடித்துக்கொண்டாள். என் தோழி பச்சைப் பட்டில் வந்து, முழங்கால்களை விரித்து மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்தாள். படிக்கிற காலத்தில் இருந்த அதே அரைமண்டி, துளி குறையவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அன்று ஆடியதிலேயே பெரிய நடனத்தில் ஜதியின் முடிவுச் சொற்கட்டு மூன்று சுற்று வரும். முதலில் வலப்பக்கம், அடுத்து இடப்பக்கம், கடைசியில் நடுவில் வந்து நிற்க வேண்டும். அவள் இரண்டாவது சுற்றையும் வலப்பக்கமே ஆடிவிட்டாள். மறந்துவிட்டாள் என்று அவள் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீயும் தப்பு செய்வாயா! நான் மூன்றோடு நிறுத்தினால் போதும், அவள் ஓர் ஓரத்தில் திரும்பி நிற்க, பாட்டு தொடங்கி, அரங்கமே பார்த்துவிடும். என்னை யாரும் குறை சொல்ல முடியாது, நான் சொன்னது சரியான ஜதி.

மூன்றாவது சுற்றில் அவள் இடப்பக்கம் ஆடினாள். பாடகி வாயைத் திறந்தாள். ஆனால் என் கை நிற்கவில்லை. குரலை உயர்த்தி நான்காவது சுற்றைத் தொடங்கியிருந்தேன். மிருதங்கக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூடவே வந்தார். அவள் நடுவுக்கு வந்து அழகாக முடித்தாள். ஒவ்வொரு சுற்றும் ஒரு முழுத் தாளம் என்பதால் எதுவும் உடையவில்லை.

பல்கலைக்கழகத்தில் எங்களை அப்படித்தான் பழக்கினார்கள். பரீட்சைக்கு இரண்டிரண்டு பேராகப் போவோம், ஒருத்தி ஆட இன்னொருத்தி தாளம் போட வேண்டும். ஆடுகிறவள் தப்பு செய்தால் தாளக்காரி அதை வெளியே தெரியாமல் மூட வேண்டும், இல்லையென்றால் இருவருக்கும் மதிப்பெண் போய்விடும். எனக்கு ஜோடி அவள்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெரியவர் அவளிடம் வந்து, முடிந்தது என்று நினைத்த இடத்தில் மறுபடி ஒரு சுற்று வைத்தது என்ன கற்பனை என்று உருகினார். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவரிடம், "தேங்க் யூ ஜி" என்றாள். மெட்ரோவில் வீடு வந்து சேரும்வரை நான் வெந்துகொண்டே வந்தேன்.

சில வாரம் கழித்து அவள் குரல் செய்தி ஒன்று வந்தது. "அந்தச் சுத்தை எடுத்துட்டு ஆடிப் பார்த்தேன்டி, மொட்டையா இருக்கு. நீ போட்டது அது. வச்சுக்கட்டுமா?" ஒருநாள் முழுக்கப் பதில் போடாமல் அவளைக் காக்க வைத்தேன். அப்புறம், "வச்சுக்கோ" என்று அனுப்பினேன்.

அண்மையில் ஏதோ வெளிநாட்டு மேடையில் அவள் ஆடிய வீடியோ வந்தது. தாளத்தில் வேறு யாரோ. நடன அமைப்பு என்று அவள் பெயர் மட்டும். மகளைக் கூப்பிட்டு, "இப்போ வரும் பாரு" என்றேன். அந்த நான்காவது சுற்று வந்தது, கைதட்டலும் வந்தது. "இது நீங்க போட்டதா? பேரே இல்லையே அம்மா" என்றாள்.

பேர் இல்லைதான், அவள் படம் வந்தால் இன்றும் என் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அத்தனை எரிச்சலிலும் அன்று என் கை அவளை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை நினைக்கும்போது, நான் பயந்துகொண்டிருந்த அளவுக்குக் கெட்டவள் இல்லை என்று எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வருகிறது.