தக்கையைப் பிடுங்கும் நேரம்

கெட்டுப்போன ஒயினுக்காக, அதை ஊற்றிக் கொடுத்தவரை நீங்கள் திட்டியதுண்டா? கிளேர் பள்ளத்தாக்கு உணவகத்தில் பரிமாறும் நோரீன் பாஸ்கோவுக்கு ஒவ்வொரு தக்கையையும் பிடுங்கும்போது பயம்தான். "பாட்டிலை ஒழுங்கா அடுக்கத் தெரியல உனக்கு. இன்னொண்ணு நாறினா வீட்டுக்குப் போயிடு" என்று முதலாளி டெஸ்மண்ட் எச்சரித்திருந்தார்.

அன்று கல்யாண விருந்து. பதினோராவது பாட்டிலைத் திறந்து மோந்தாள். நனைந்த அட்டைப்பெட்டியின் பூஞ்சை வாடை.

"என்ன மகாராணி, மறுபடியுமா?" டெஸ்மண்ட் பின்னாலேயே நின்றார்.

ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால், அந்த ஆண்டு ஒயினை ஆலைக்காரர்கள் பாதி தக்கையிலும் பாதி திருகுமூடியிலும் அடைத்து அனுப்பியிருந்தது நினைவுக்கு வந்தது. அதே அடுக்கிலிருந்து திருகுமூடி பாட்டில் ஒன்றை எடுத்துத் திறந்தாள்.

"இதுவும் அதே ஒயின்தான், நான் அடுக்குனதுதான். மோந்து பாருங்க."

எலுமிச்சை வாசம் கமகமத்தது. டெஸ்மண்ட் இரண்டையும் மாறி மாறி மோந்தார்.

"தக்கைதான் கெடுக்குது போல" என்று முனகினார். மன்னிப்புக் கேட்கவில்லை. மறுவாரமும் தக்கை பாட்டில்களையே வாங்கினார். திறக்கும்போது வரும் 'டப்' சத்தம் விருந்தாளிகளுக்கு வேண்டுமாம்.

நோரீனுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அடுத்த முறை திருகுமூடி பாட்டிலையே கேட்டு வாங்குங்கள்.